கெண்டைக்கால்

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எவராவது சொன்னால் எனக்கு இப்போது எரிச்சல்தான் வருகிறது. போன வருடம் நான் பார்த்துக்கொண்ட அளவுக்கு என் உடம்பை என்னைப் பெற்ற தாய்கூடப் பார்த்திருக்க மாட்டார். எந்தக் காரியத்துக்காகப் பார்த்தேனோ அந்தக் காரியம் கெட்டுப்போயிற்று. உடம்பு மட்டும் நன்றாக இருக்கிறது. காலையில் கண்ணாடியில் அதைப் பார்க்கும்போது பற்றிக்கொண்டு வருகிறது.

என் அக்காவும் அத்தானும் தென் லண்டனில், சட்டனில் இருக்கிறார்கள். நான் கோலியர்ஸ் வுட்டில். அத்தான் லண்டனுக்கு வந்த காலத்தில் இருந்து ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டியவர். அவரோடு ஒரே டிப்போவில் வேலை செய்த ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் ஓய்வு பெற்றதும் தன் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். அவருடைய தம்பி அங்கே மலையில் மான் வேட்டைக்கு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர். ஒவ்வொரு வருடமும் அந்த மனிதர் போன் எடுத்து, இந்த ஒக்டோபரில் வா, தம்பியிடம் சொல்லி உனக்கு ஒரு நாள் ஒதுக்கி வைக்கிறேன் என்பார். அத்தானும் ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்பார். ஒரு வருடம் ஷிப்ட் மாற்ற முடியவில்லை. ஒரு வருடம் மகளின் கல்யாணம். ஒரு வருடம் கூரை ஒழுகியது. ரிச்மண்ட் பூங்காவில் மான்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சுடாமல் பார்க்கிறது வேறை, சுட வந்து பார்க்கிறது வேறை என்று பெருமூச்சு விடுவார். துவக்குத் தூக்கியே அறியாத மனிதர் இதை எங்கே படித்தாரோ தெரியாது.

பிறகு அவருக்கு வருத்தம் வந்தது. நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பேறி இறுகுகிற வருத்தம். டாக்டர் எங்கள் மூவரையும் இருத்தி வைத்து ஆறுதலாகச் சொன்னார். இப்போதைக்கு நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும். அடுத்த வருடம் அநேகமாக ஒட்சிசன் சிலிண்டரோடுதான் இருக்க வேண்டிவரும். கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டபோது அக்கா அழுதுகொண்டிருந்தார். அத்தான், ஒக்டோபரில் ஒரு மலை ஏறலாமா என்று கேட்டார். அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்து டாக்டர் சிரித்தார். பிறகு விசயம் விளங்கியதும் யோசித்துவிட்டு, மெதுவாகவும் துணையோடும் என்றால் ஏறலாம் என்றார்.

அக்கா ஒரு மாதம் சண்டை பிடித்தார். "மாடிப்படி ஏறினால் நாலு தரம் நிண்டு மூச்சு வாங்கிற மனிசன் மான் கலைக்கப் போறாராம்" என்று என்னிடம் போனில் புலம்பினார். கடைசியில் இறங்கி வந்தது ஒரு நிபந்தனையோடுதான். "தம்பி கூட வந்தால் போங்கோ. அவன் வராட்டில் நீங்கள் சட்டன் ஸ்டேஷனையும் தாண்டப்படாது." மலையில் கூட்டிப்போகிறவரும் தன் தமையன் மூலம் அதையேதான் சொல்லி அனுப்பினார். இடையில் இவருக்கு ஏலாமல் போனால் பத்திரமாகக் கீழே இறக்கிக்கொண்டு வர, நல்ல தேகபலம் உள்ள ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்தத் தேகபலம் உள்ள ஒருவர் நான். கவுன்சில் ஒபிசில் கதிரையைத் தேய்க்கிற நான். ஆனால் கணக்கு நேரானது. நான் போனால் அத்தான் போவார். நான் போகாவிட்டால் அத்தான் என்றைக்குமே போகப்போவதில்லை.

நாள் குறிப்பதிலும் ஒரு கூத்து. அத்தான் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிறவர். அதற்கு முதல் வாரத்திலேயே போய்வந்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். "முருகனுக்கு விரதம் பிடிக்கிற ஆள் மான் சுடப் போறதோ?" என்று அக்கா கேட்டார். "அவரே வேடர் வீட்டு மாப்பிள்ளை. அவர் ஒண்டும் நினைக்கமாட்டார்" என்றார் அத்தான். அந்த ஒரு பதிலுக்காகவே அவரைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று எனக்கு இருந்தது.

நான் பயிற்சியைத் தொடங்கினேன். முதுகுப் பைக்குள் ஒரு அரிசிச் சாக்கை வைத்துக்கொண்டு ஸ்ட்ரெதம் பொதுவெளியின் சரிவில் ஏறி இறங்குவேன். நாய் கொண்டுவருகிறவர்கள் முதலில் என்னை விநோதமாகப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். கோடை முழுவதும் ஏறினேன். தொந்தி வற்றியது. கால் இரும்பானது என்று நானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அந்த இரும்பு உடைந்தது மலையிலும் இல்லை, சரிவிலும் இல்லை. டூட்டிங்கில் மீன் வாங்கிக்கொண்டு வருகிற வழியில். பஸ் ஒன்று கதவைத் திறந்தபடி நின்றது. நடந்தே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஓடினேன். இடது கெண்டைக்காலில் யாரோ பின்னால் இருந்து கல்லால் எறிந்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் எவருமில்லை. பஸ் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது, நான் மீன் பையோடு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் போனில் அத்தானிடம் சொன்னேன். "ஓடி வாற ஆளுக்காகக் காத்து நிக்கப்படாது எண்டுதான் எங்களுக்கும் படிப்பிச்சவங்கள். அவனிலை பிழை இல்லை" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "மலைக்கு வருவாய்தானே, தம்பி?"

"வருவன் அத்தான். இது ஒரு சின்னக் காயம்" என்றேன்.

சின்னக் காயம்தான். பிசியோதெரபிப் பெண்ணும் அதைத்தான் சொன்னாள். தசை நார் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, சொன்னபடி கேட்டால் ஒக்டோபருக்குள் மலை ஏறலாம். ஓடாதே, இழுக்காதே, எவரையும் அதில் அழுத்தவோ உருவவோ விடாதே. காலுக்கு ஓய்வு கொடு, மற்ற உடம்பைச் சும்மா விடாதே. என் வாழ்க்கையில் நான் ஒருவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்துக் கேட்டது அப்போதுதான். வேலைக்குப் போகுமுன் நீச்சல் குளத்துக்குப் போய், நெஞ்சளவு தண்ணீரில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்தேன். அந்த நேரத்தில் அங்கே வருகிறவர்கள் எல்லாம் இடுப்பு மாற்றிய வெள்ளைக்காரக் கிழவிகள். நன்றாகக் கதைத்துக்கொண்டு என்னோடு நடப்பார்கள். எதற்காக இவ்வளவு கஷ்டப்படுகிறாய் என்று ஒருத்தி கேட்டபோது, மான் வேட்டைக்குப் போக என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அன்றோடு அவர்கள் குளத்தின் மறுபக்கத்துக்கு மாறிவிட்டார்கள்.

நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து வீட்டு ஹோலில் போட்டேன். வலது காலில் கூடுதல் பாரமும் இடது காலில் மிக மெல்லிய பாரமும் கட்டித் தூக்கினேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி இருந்தேன். சுவரில் கை வைத்துத் தண்டால் எடுத்தேன். "சாமிப் படத்துக்கு முன்னாலை நிண்டு உப்பிடி மூச்சு விடாதேங்கோ" என்று மனைவி ஏசினாள். நாளாக நாளாகக் கால் தேறியது. ஒரு நாள் குசினியில் இடது கால் நுனியில் மட்டும் எழும்பி நின்றேன். நோகவில்லை. சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

ஆனால் சட்டனில் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கிழமையும் போன் எடுத்து எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேட்பேன். முதலில் பூங்காவைச் சுற்றி வந்தேன் என்றார். பிறகு லைப்ரரி மட்டும் போனேன் என்றார். பிறகு தெரு முடக்கு மட்டும். என் கால் ஏறிக்கொண்டு வந்தது, அவருடைய மூச்சு இறங்கிக்கொண்டு வந்தது. இரண்டும் எங்கேயோ ஓரிடத்தில் சந்தித்து, அந்த நாள் மலை ஏறுகிற நாளாக இருந்துவிட வேண்டும் என்று நான் கும்பிட்டேன். நான் அதிகம் கும்பிடுகிற ஆள் இல்லை.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிடக் கூப்பிட்டார். ஆட்டிறைச்சிக் கறி. அத்தான் இரண்டு வாய்க்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "கால் என்ன மாதிரி?" என்றார். எல்லாம் சரி, காலையில் எழும்பும்போது மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"அட, எனக்கு ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "பாயைப் போடப்பா. ஒருக்கா மிதிச்சு விடுறன்."

அத்தான் தாயின் வயிற்றில் இருந்து காலால் பிறந்தவர். தலை முதலில் வராமல் கால் முதலில் வந்த பிள்ளை மிதித்தால் பிடிப்பும் சுளுக்கும் போய்விடும் என்பது எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விசயம். தென் லண்டன் முழுவதும் இது பரவியிருந்தது. கழுத்துப் பிடித்தவர்களும் முதுகு பிடித்தவர்களும் ஞாயிறு காலையில் சட்டனுக்கு வருவார்கள். கணக்காளர்கள், மருந்துக்கடைக்காரர்கள், ஒருமுறை ஒரு எலும்பு டாக்டரே மனைவிக்குத் தெரியாமல் வந்தார். ஹோலில் பாயில் குப்புறப் படுப்பார்கள். அத்தான் குதிக்காலில் நல்லெண்ணெய் தடவி, மேலிருந்து கீழே மூன்று தரம் உருவி விடுவார். ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டார், கை நீட்டினால் பலிக்காதாம். டிப்போவில் அவர் ஒரு டிரைவர். அந்தப் பாயில் மட்டும் அவர் வேறு ஆள்.

வருத்தம் வந்தபின் ஒருவரும் வருவதில்லை. மூச்சு முட்டுகிற மனிதரை ஏன் கரைச்சல்படுத்துவான் என்று எல்லாரும் நல்லெண்ணத்தில் நின்றுவிட்டார்கள். அந்த ஞாயிறு எண்ணெய்ப் போத்தலை எடுக்க எழும்பியபோது அவர் முகம் இருந்த இருப்பை நான் அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் கண்டதில்லை. பிசியோதெரபிப் பெண் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. வேண்டாம் அத்தான் என்று வாய்வரை வந்துவிட்டது. குசினி வாசலில் நின்ற அக்கா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். படு என்று அர்த்தம். நான் படுத்தேன்.

இடது கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு முதல் தரம் உருவினார். இறகு மாதிரி இருந்தது. இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரம் குதிக்கால் கெண்டைக்காலின் நடுவில் இருக்கையில் அவருக்கு இருமல் வந்தது. கதிரை சறுக்கியது. அவருடைய முழுப் பாரமும் ஒற்றைக் காலில் இறங்கியது. உள்ளே ஏதோ பழந்துணி போலக் கிழிந்ததை நான் உணர்ந்தேன். வாயைப் பாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அக்கா ஓடிவந்து அவரைப் பிடித்து இருத்தினார். இருமி முடித்ததும் அவர் முதலில் கேட்டது என்னைத்தான். "பிடிப்பு விட்டுதோ, தம்பி?"

"விட்டிட்டுது அத்தான்."

"நான் சொன்னனான்தானே" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். நான் படுத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். இறைச்சி சாப்பிட்ட மயக்கம் என்று சொன்னேன்.

அடுத்த நாள் பிசியோதெரபிப் பெண் தொட்ட உடனேயே கையை எடுத்துவிட்டாள். என்ன செய்தாய் என்று கேட்டாள். ஒருவர் தவறி மிதித்துவிட்டார் என்றேன். பழைய கிழிசல் பெரிதாகிவிட்டது, இந்த மாதம் மலை இல்லை, தட்டை ரோட்டில் நடப்பதே யோசித்துத்தான் என்றாள். மனைவியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "அக்காட்டைச் சொல்லுங்கோ. உது விளையாட்டில்லை" என்றாள். எப்படிச் சொல்வது? சொன்னால் பயணம் நின்றுவிடும். நின்றது தன் காலால் என்று அத்தானுக்கும் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். காலை முழங்கால்வரை பட்டியால் இறுக்கிக் கட்டினேன். நோவுக்குளிசை போட்டேன். திரும்பவும் குளத்துக்குப் போய் மற்ற உடம்பைப் பலப்படுத்தினேன். கை இரண்டும் பயில்வான் கை மாதிரி ஆகிவிட்டன. நடக்க முடியாத ஒருவனுக்கு அதனால் என்ன பிரயோசனம்?

போனோம். முதல் நாள் பின்னேரம், நண்பரின் தம்பியான அந்த வழிகாட்டி எங்களை ஒரு பள்ளத்துக்குக் கூட்டிப்போய், தன் துவக்கைக் கொடுத்து ஒரு பலகையில் சுடச் சொன்னார். சுடத் தெரியாதவனை அவர் மலைக்குக் கூட்டிப்போவதில்லையாம். அத்தான் படுத்து, மூச்சைப் பிடித்து, மூன்று தரம் சுட்டார். மூன்றும் ஒரு உள்ளங்கை மறைக்கக்கூடிய இடத்தில் விழுந்திருந்தன. அந்த மனிதர் புருவத்தை உயர்த்தினார். மூச்சு இல்லாத ஆளுக்கு மூச்சைப் பிடிக்கிறது லேசு என்று அத்தான் ஆங்கிலத்தில் சொன்னார், எல்லாரும் சிரித்தோம். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் பிறகு பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மலை. அத்தான் மிக மெதுவாக, இருபது முப்பது அடிக்கு ஒருமுறை நின்று, ஆனால் ஏறினார். எந்த இடத்திலும் திரும்புவோம் என்று சொல்லவில்லை. நான் அவருடைய பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன், முகத்தை அவர் பார்க்காதபடி. முதல் மேட்டில் வழிகாட்டி எங்களைப் படுக்கச் சொல்லிவிட்டுத் தூரதரிசனியை அத்தானிடம் கொடுத்தார். எதிர்ச் சரிவில் மான்கள். நடுவில் பெரிய கொம்போடு ஒன்று நின்று கத்தியது, எங்கள் காதுக்குக் கேட்டது. அத்தான் நெடுநேரம் பார்த்தார். காற்று நல்ல பக்கம் அடிக்கிறது, உன் நடைக்கு ஒரு மணித்தியாலம், போய்விடலாம் என்று அந்த மனிதர் சொன்னார். அத்தான் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார்.

எழும்பி ஒரு சின்ன நீரோட்டத்தைத் தாண்டினோம். ஒரு முழ அகலம் இருக்கும், குழந்தைகூடத் தாண்டும். இடது கால் அப்படியே விட்டுவிட்டது. நான் சேற்றில் கிடந்தேன். எழும்பப் பார்த்தேன், கால் நிலத்தில் ஊன்றவில்லை. வழிகாட்டி பூட்சைக் கழற்றிப் பட்டியைக் கண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம்கூட இல்லை. என்னை அவர் தாங்கிக்கொண்டுதான் இறக்க வேண்டும். அத்தானைத் தனியே அங்கே விடவும் முடியாது. மூவரும் இறங்கினோம். அத்தான் ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தார். மறுநாளை வேறு ஆட்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஒரு நாள்தான் எங்களுடையது.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் பட்டியை அவிழ்த்தாள். கெண்டைக்காலின் நடுவில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு இரத்தக் கண்டல் இருந்தது. இது இன்றைக்கு வந்தது இல்லையே, இரண்டு கிழமை இருக்குமே என்றாள். பஸ்ஸுக்கு ஓடிய கதையைச் சொன்னேன். அது எப்போது என்று கேட்டாள். கோடை முடியும்போது என்றேன். அவ்வளவு பழையதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அவள் மருந்து எடுக்கப் போனாள். பக்கத்துக் கதிரையில் இருந்த அத்தான் குனிந்து அந்த இடத்தை நன்றாகப் பார்த்தார்.

விமான நிலையத்தில் வைத்துத்தான் கேட்டார். "அண்டைக்கு நான் மிதிச்சதுதானே?"

"இல்லை அத்தான். மலையிலைதான்."

"வாழ்க்கை முழுக்கக் கண்ணாடியிலை பின்னாலை இருக்கிற சனத்தின்ரை முகம் பாத்து ஓடினவன் நான். பொய் சொல்லாதை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்பவே சொல்லியிருந்தால் போகாமல் விட்டிருப்பன். இவ்வளவு கிட்டப் போய்ப் பாத்திட்டுத் திரும்பி வந்திருக்க மாட்டன், தம்பி" என்றார். கோபமாகச் சொன்னால் தாங்கியிருப்பேன். வானிலை சொல்வது போலச் சொன்னார். நான் அங்கேயே வாய்விட்டு அழுதேன். அவர் என் முதுகைத் தடவிவிட்டார், பிறகு அதற்கும் மூச்சு வாங்கியது.

இப்போது ஹோலில் ஒட்சிசன் மெஷின் நிற்கிறது. அத்தான் அதன் குழாய் போகிற தூரத்துக்குள் நடமாடுகிறார். என் கால் முழுக்கச் சுகம். பிசியோதெரபிப் பெண் இனி வரத் தேவையில்லை, என்ன மலை என்றாலும் ஏறு என்று சொல்லிவிட்டாள். நான் சைக்கிளை இன்னும் மிதிக்கிறேன், நிறுத்தினால் என்ன செய்வது என்று தெரியாததால்.

போன மாதம் நான் சட்டனில் இருந்தபோது ஸ்ட்ரெதத்தில் இருந்து ஒருவர் வந்தார். வருத்த விசயம் தெரியாதவர். இடுப்புப் பிடித்து ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டு நின்றார். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவராகவே பாயைக் கொண்டுவந்து விரித்தார். "அண்ணை, ஏலுமெண்டால் ஒருக்கா கால் வையுங்கோ, போதும். காலாலை பிறந்த ஆள் நீங்கள் எண்டு எல்லாரும் சொல்லினம்" என்றார் வந்தவர்.

அத்தான் டீவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அது அம்மா சும்மா சொன்னவ" என்றார். "நானும் எல்லாரையும் போலத் தலையாலை பிறந்தனான்தான். நீங்கள் ஒரு நல்ல டாக்குத்தரிட்டைக் காட்டுங்கோ."

வந்தவர் என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அத்தானின் தாயார் அந்தப் பிரசவக் கதையைச் சொல்ல எத்தனையோ தரம் பக்கத்தில் இருந்து கேட்டவர் அக்கா. அவர் குனிந்து பாயைச் சுருட்டினார்.